கிளிப்பெட்டிக்கு லண்டன் பலகை

‘லண்டன்’ என்று ஆங்கிலத்தில் பொறித்த ஒரு பித்தளைப் பலகையை என் மேசைமேல் வைத்து, “நாலு மூலைக்கும் நாலு ரிவிட் அடிச்சுக் குடுத்துருங்க அம்மணி” என்று சொன்ன மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அந்தப் பலகை லண்டனைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. கோயமுத்தூர் டவுன்ஹாலுக்குப் பின்னால், டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் பெயர்ப்பலகை செய்கிற சந்தில் முந்தின நாள் செய்தது. எழுத்தின் இடுக்குகளில் பாலிஷ் மாவு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் கணபதியில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. காசு போட்டால் ஓடுகிற எந்த இயந்திரமானாலும் பழுது பார்ப்பேன். பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் வட்ட விளக்குகள் ஓட, எடையோடு ஒரு வரி பலனும் அச்சடித்துத் தருமே, அந்த எடை மெஷின்கள்தான் அதிகம் வரும். பொருட்காட்சி நாட்களில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிற தகர யானைகளும் குதிரைகளும் வரும். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு அடுப்படியில் உட்கார மனசில்லாமல் ஆரம்பித்த தொழில் அது. பட்டறைக்கு வருகிறவர்கள் கிரீஸ் கையோடு நிற்கிற என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “மெக்கானிக் இல்லீங்களா?” என்பார்கள். எங்கள் ஊரில் யாரும் யாரையும் மரியாதை இல்லாமல் பேசுவதில்லை. அவமானப்படுத்துவதானாலும் ஒரு ‘ங்க’ போட்டுத்தான் அவமானப்படுத்துவார்கள்.

அந்த வருஷங்களில் வேலைக்குக் குறைச்சலே இல்லை. காரணம், அரசாங்கம் ரூபாய்க் காசை மாற்றியதுதான். பழைய ரூபாய் காந்தத்தில் ஒட்டாது. காசு போடுகிற மெஷின்களில் எல்லாம் உள்ளே ஒரு சின்னக் காந்தம் இருக்கும். காசுக்குப் பதிலாக இரும்பு வாஷரைப் போட்டு ஏமாற்றுகிறவர்களின் வாஷர் அதில் ஒட்டி நின்றுவிடும். புதிதாக வந்த ரூபாயோ வாஷரைப் போலவே காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நல்ல காசைப் போட்டவன் மெஷினை உதைத்தான், மெஷின்காரன் என்னைத் திட்டினான். டெல்லியில் உட்கார்ந்து காசு அடிக்கிறவர்கள் இப்படி ஒரு பொருள் ஊரில் இருக்கிறது என்று யோசித்திருப்பார்களா? நான் ஊர் ஊராகப் போய்க் காந்தத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு நாள்தான் அந்தப் பலகைக்காரர் வந்தார், ஊரே ‘முதலாளி’ என்று கூப்பிடுகிற ஆள். பம்பு செட் வார்ப்படத்தில் பணம் பண்ணிய குடும்பம். தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு ஒன்றை வாங்கி உல்லாச விடுதி கட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு கூடம் முழுக்கப் பழம்பொருள் வைக்கப் போகிறாராம். லாரியிலிருந்து ஒரு இரும்புப் பெட்டியை நாலு பேர் இறக்கினார்கள். ஆள் உயரம், வார்ப்பிரும்புப் பாதம், தகர உடம்பு, மேல் பாதியில் கண்ணாடி. கண்ணாடிக்குள்ளே தகரத்தில் செய்த ஒரு பச்சைக் கிளி கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. கிளிக்கு முன்னால் சீட்டு அடுக்குகிற தட்டுகள் காலியாக இருந்தன.

“குன்னூர்ல ஒரு துரை பங்களா சாமான்ல வந்ததுங்க. லண்டன் பெட்டி. நம்மாளுகளுக்கு இதெல்லாம் செய்ய வருமுங்களா?” என்றார்.

அந்தக் கேள்வியிலேயே எனக்குச் சுருக்கென்றது. சொன்னவரின் தாத்தா வெள்ளைக்காரன் பம்பைப் பிரித்துப் பார்த்து, அதே போலச் செய்து, அதில்தான் சோறு தின்றவர். அந்தச் சோற்றில் வளர்ந்தவர், நம்மாளுக்கு எதுவும் வராது என்கிறார். ஆனாலும் பெட்டியை ஓட வைத்துத் தர ஒப்புக்கொண்டேன். கிளியைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது, அதுதான் உண்மை.

பெட்டியைத் திறந்து அடையாளம் பார்க்க உட்கார்ந்தேன். எந்த மெஷினாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது காசு போகிற வழியைத்தான். முகப்பு புதிதாக இருக்கலாம், பெயர் பொய்யாக இருக்கலாம், காசு போகிற வழி பொய் சொல்லாது. இந்தப் பெட்டியின் துளையில் நம் பழைய பத்துப் பைசா, அந்த ஓரம் வளைந்து வளைந்து இருக்குமே, அது அளவெடுத்தது போலப் போய் விழுந்தது. உள்ளே ஒரு காந்தம். காந்தத்துக்குக் கீழே பல வருஷத்து வாஷர்கள் குப்பையாகக் கிடந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். விசைத்தறியில் போடுகிற வாஷர்.

அதற்கும் பின்னால் இருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நான் பிறந்து வளர்ந்தது சோமனூர் பக்கம். தறிச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறேன். சேலைக்குக் கரையில் பூ விழ வேண்டும் என்றால் தறிக்கு மேலே டாபி என்று ஒன்று மாட்டுவார்கள். மரச்சட்டங்களைச் சங்கிலியாகக் கோத்து, சட்டத்தில் அங்கங்கே முளை அடித்திருக்கும். எந்த முளை வருகிறதோ அதற்குத் தக்க நூல் எழும்பும், பூ விழும். அந்த டாபிச் சங்கிலிதான் கிளிக்குப் பின்னால் இருந்தது. காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் ஒரு சட்டம் நகரும். அந்தச் சட்டத்தின் முளை எந்த நெம்புகோலைத் தூக்குகிறதோ, கிளி அந்தத் தட்டுக்குக் கழுத்தைத் திருப்பிச் சீட்டைக் கொத்தும். சேலைக்குப் பூப் போடுகிற புத்தியை ஒருவன் ஜோசியத்துக்குத் திருப்பியிருக்கிறான். நான் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அந்தச் சங்கிலியைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொக்கிப்போனேன் என்றே சொல்லலாம்.

முதலாளிக்குப் போன் செய்து சொன்னேன். அவர் அசரவில்லை.

“இந்தியாவுக்குன்னே செஞ்சு அனுப்பியிருப்பானுங்க.”

“பத்துப் பைசா வந்தப்போ வெள்ளைக்காரன் ஊருக்கே போயிட்டானுங்களே.”

“போனவன் திரும்பி யாவாரம் பண்ணப்படாதுங்களா?”

“கிளி ஜோசியமுங்க இது.”

“ஏன், வெள்ளைக்காரன் கிளி வளர்த்தலீங்களா?”

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிப்பவனை எழுப்ப முடியுமா? சரி, சாட்சியோடு வருகிறேன் என்று பெயின்டைச் சுரண்ட ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு முன்னால் பட்டறையில் இருக்கிற ஒவ்வொரு மெஷினையும் கழுவித் துடைத்து, கைக்குக் கிடைத்த பெயின்டை ஒரு கை பூசி, அப்புறம்தான் சந்தனம் குங்குமம் வைப்போம். பழைய பெயின்டைச் சுரண்ட மாட்டோம். இந்தப் பெட்டியையும் யார் யாரோ அப்படி வருஷா வருஷம் பூசியிருந்தார்கள். வெங்காயத் தோலை உரிப்பது போல, தின்னரும் பிளேடுமாக உரித்தேன். நீலம், வெள்ளி, ரோஸ், மறுபடி நீலம் என்று போய்க்கொண்டே இருந்தது. இடையில் ஒரு படையில் சந்தனப் பொட்டுகூட அப்படியே அழுந்திக் கிடந்தது. கடைசியில் பின்கதவில், செங்காவிப் பூச்சின்மேல், தமிழ் எழுத்து தெரிந்தது. போர்டு எழுதுகிறவன் கை. ஒரு மனிதரின் பெயர். அதற்குக் கீழே, ‘தறி பிட்டர், சோமனூர்’.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். முதலாளிக்குப் போனில் பெயரைப் படித்துக் காட்டினேன். “அப்படீங்களா” என்றார். வைத்துவிட்டார்.

மறுநாளே சோமனூருக்குப் பஸ் ஏறினேன். டீக்கடையில் பெயரைச் சொன்னதும், “கிளிப்பெட்டிக்காரர் ஊடுங்களா? அவரு போயிப் பல வருசமாச்சுங்க, அந்தம்மா இருக்குது” என்று வழி காட்டினார்கள். தறிக் கொட்டகையை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. வாசலில் நூல் கண்டு சுற்றிக்கொண்டிருந்த அந்த அம்மா, பெட்டி என் பட்டறையில் இருக்கிறது என்று சொன்னதும் கையை நிறுத்தவில்லை. கண்டு முடிகிற வரைக்கும் சுற்றி, முடி போட்டு வைத்துவிட்டு, “கிளிக்குக் கழுத்து திரும்புதா?” என்று கேட்டார்.

“இப்போதைக்கு இல்லீங்கம்மா. திருப்பிப்போடுவேன்.”

“இடப்பக்கம் திரும்பறப்ப கொஞ்சம் இழுத்துக்கும். அந்த மனுசனுக்கே கழுத்து அப்படித்தான்” என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு எல்லாம் சொன்னார். கணவர் தறி பிட்டர், தறிகளைப் பூட்டிப் பழுது பார்ப்பவர். கழித்துப் போட்ட டாபி ஒன்றை வீட்டுக்குத் தூக்கிவந்து, வேலை முடிந்த நேரமெல்லாம் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் கிளியை உட்கார வைத்துவிட்டார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. தேர்த் திருவிழாக்களுக்கும் மாட்டுச் சந்தைகளுக்கும் வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு இருவரும் போவார்களாம். பெட்டி அவருடையது, சீட்டு இந்த அம்மாவுடையது. ஐந்தாவது வரை படித்தவர். பலன்களை எல்லாம் தன் கையாலேயே அட்டையில் எழுதி அடுக்குவாராம்.

“ராசா மாதிரி இருப்பே, ராணி வருவான்னெல்லாம் எழுத மாட்டேன் கண்ணு. ‘கோவத்தைக் குறைச்சா கொழம்பு ருசிக்கும்’, ‘உங்கொழுந்தன் பேச்சைக் கேக்காதே’, இப்படித்தான் எழுதுவேன். சனம் அடிச்சுப் புடிச்சுக்கிட்டு வரும்.”

கணவர் இறந்ததும், ஒரு பொருட்காட்சிக்காரன் ஒரு சீசனுக்கு மட்டும் என்று கேட்டுப் பெட்டியை வாங்கிப் போனான். திரும்பவே இல்லை. அவன் குன்னூரில் எந்தத் துரை பங்களாவுக்கு விற்றானோ, அல்லது துரை பங்களாவே ஒரு புளுகோ, எனக்குத் தெரியாது. பெட்டியைத் திரும்பக் கேட்கலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“ஊட்டுக்குள்ள வெச்சு நான் யாருக்குக் கிளி காட்டறது? நாலு சனம் பாக்கற எடத்துலயே இருக்கட்டும். அந்த மனுசன் பேரு மட்டும் அதுல இருக்கோணும். பைத்தியம்னு சொன்னவனெல்லாம் படிக்கோணும். அதை மட்டும் பாத்துக்க கண்ணு.”

பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். பின்கதவைத் தொடாமல் அப்படியே வார்னிஷ் பூசி விடலாம், முடிந்தால் ஒரு கண்ணாடி போடலாம் என்று பஸ்ஸில் வரும்போதே திட்டம் போட்டேன்.

பட்டறையில் பெட்டி இல்லை. உள்ளே இருந்த இயந்திரத்தை மட்டும் கிளியோடு நான் கழற்றி மேசைமேல் வைத்திருந்தேன். அது இருந்தது. கூடு போய்விட்டது. ஆயுத பூஜை வருகிறது, எல்லா மெஷினும் சுத்தமாக இருக்க வேண்டும், இதையும் சேர்த்து அடித்துவிடலாம் என்று முதலாளியின் ஆட்கள் வார்ப்படச் சாலைக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். அங்கே வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணலைக் காற்றோடு பீய்ச்சி அடிப்பார்கள். மணல் பட்ட இடத்தில் இரும்பைத் தவிர எதுவும் மிஞ்சாது. நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டி வெள்ளை வெளேரென்று, உரித்த கோழி போல நின்றது. பின்கதவில் பெயர் இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது, அவ்வளவுதான். இத்தனை பூஜைகள் பூசிப் பூசிக் காப்பாற்றி வைத்திருந்த பெயரை ஒரே ஒரு பூஜை வழித்துப் போட்டுவிட்டது. ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் கேமரா என்றால் கல்யாண வீட்டில் பார்ப்பதோடு சரி.

முதலாளியிடம் கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், அன்று தலைக்கு மேலேயே வந்தது.

“அழுக்கை எடுத்ததுக்குக் கோவிக்கலாமுங்களா அம்மணி? இப்பப் பாருங்க, புதுசாட்டம் இருக்குது.”

“பேரு இருக்குதுன்னு உங்ககிட்டச் சொன்னனுங்களே.”

“சொன்னீங்க. எனக்குத்தான் இந்தப் பூஜை அலைச்சல்ல மறந்துபோச்சுங்க” என்றார். கை கூப்பவும் செய்தார்.

மறந்துதான் போனாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. மறந்தது என்றால், ஒரு தறி பிட்டரின் பெயர் மறக்கத் தக்கது என்று அர்த்தம். மறக்கவில்லை என்றால் அது திருட்டு. இரண்டில் எது குறைந்த பாவம் என்று என்னால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த வாரம்தான் அந்த லண்டன் பலகை வந்தது. ரிவிட் அடிக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “பரவாயில்லீங்க, நம்ம பசங்க அடிச்சுக்குவாங்க” என்று மரியாதையாகச் சொல்லிப் பலகையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இந்தப் பெட்டி வேலையையே விட்டுவிடலாம் என்று நினைத்து, அதைச் சொல்லச் சோமனூருக்குப் போனேன். நடந்ததைச் சொல்லும்போது எனக்குத்தான் அழுகை வந்தது. அந்த அம்மா அழவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, “சீட்டு யாரு எழுதறாங்க?” என்று கேட்டார்.

சீட்டைப் பற்றி நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை. போனில் முதலாளியைக் கேட்டேன். “அதெல்லாம் நீங்களே நல்லதா நாலு வரி தமிழ்ல போட்டுக்குங்க. அந்தக் கருமத்தை யாருங்க படிக்கறாங்க?” என்றார்.

அந்த அம்மா பலன்களைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு பலனுக்கும் கீழே ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் கொடுத்து, மஞ்சள் அட்டையில் அடித்து, ஒவ்வொரு எழுத்தையும் நானே சரிபார்த்தேன். இயந்திரத்தையும் முடித்தேன். துளையை ரூபாய்க்குத் தக்கபடி அறுத்தேன். சோமனூர்ப் பையன்களின் வாஷரைப் பிடிக்கக் கிளிப்பெட்டிக்காரர் வைத்த காந்தத்தைக் கழற்ற மனசே வரவில்லை, ஆனாலும் அது புது ரூபாயை விடாதே, கழற்றினேன். இடப்பக்கம் கழுத்து இழுத்துக்கொள்வதை மட்டும் சரி செய்யவில்லை. சரி செய்ய எனக்குத் தெரியும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பொங்கலை ஒட்டி விடுதியைத் திறந்தார்கள். பெரிய கார்கள், பட்டுப் புடவைகள். முந்தின வாரம் யானை வந்து சாய்த்த வேலியைத் தென்னங்கீற்றால் மறைத்து வைத்திருந்தார்கள். கூடத்தில் கிராமபோனுக்கும் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு பழைய விசிறிக்கும் நடுவில் கிளி உட்கார்ந்திருந்தது. நெற்றியில் லண்டன் பலகை, நாலு ரிவிட்டும் கோணலாக. வருகிறவர்களுக்கு முதலாளியே நின்று விளக்கிக்கொண்டிருந்தார். துரை, கப்பல், குன்னூர் என்று கதை கேட்கிறவர்களுக்குத் தக்கபடி நீண்டது.

நான் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். நல்ல சேலை கட்டியிருந்தார். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

“தொடாதீங்கம்மா, வெளிநாட்டுச் சாமான்” என்று ஒரு பணியாள் ஓடி வந்தான்.

வாயைத் திறக்கப் போனேன். அவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்திவிட்டு, முந்தானையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துப் போட்டுக் கைப்பிடியை இழுத்தார். சட்டம் நகர்ந்தது. கிளி இடப்பக்கம் திரும்பியது, கொஞ்சம் இழுத்துக்கொண்டது, பிறகு கொத்திப் போட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். அவர் சீட்டை எடுத்து, அதைப் பார்க்காமலேயே முதலாளியிடம் நீட்டினார்.

“ஏனுங்க தம்பி, இதுல என்ன போட்டிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

முதலாளிக்குப் பெருமைதான். ஏழைக் கிழவிக்குச் சீட்டுப் படிப்பதை நாலு பேர் பார்க்கட்டுமே. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். “‘அடுத்தவன் வெச்ச மரத்துல உம் பேரைச் செதுக்காதே.’” கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனார். “‘இந்தக் கிளியைச் செய்தவர்…’”

அங்கே நின்றுவிட்டது. அவர் கண் மட்டும் வரியில் ஓடியது, உதடு அசையவில்லை. ஒரு அம்மாள், “யாருங்க செஞ்சது?” என்று பின்னாலிருந்து கேட்டாள்.

“நிறுத்திப்போட்டீங்களே தம்பி. எனக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க. சத்தமாப் படிங்க” என்றார் அந்த அம்மா.

வேறு வழி இல்லை. அத்தனை பேருக்கு முன்னால், லண்டன் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு, முதலாளி அந்த மனிதரின் பெயரைப் படித்தார். தறி பிட்டர் என்று படித்தார். சோமனூர் என்று படித்தார்.

அந்த அம்மா சீட்டை அவர் கையிலிருந்து வாங்கி, தள்ளிப் பிடித்து, இரண்டு வரியையும் மனசுக்குள் ஒரு தரம் வாசித்தார். பிறகு அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி, “நான் எழுதுன மாதிரியே அடிச்சிருக்கறே கண்ணு, ஒரு எழுத்து மாறலே” என்று சொல்லிவிட்டுச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டார்.